எஞ்சிய வர்ணம்

தை பிறக்குமுன் வீட்டுக்கு வெள்ளையடிப்பது தமிழ்நாட்டில் நெடுநாளைய வழக்கம். கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ சூளையில் சுட்டு, தொட்டியில் நீர் விட்டு நீற்றி, அந்தச் சுண்ணாம்புப் பாலை வடிகட்டி, சிறிது நீலமும் வஜ்ஜிரமும் கலந்து, நார் மட்டையால் சுவரெங்கும் அடித்து முடித்த பிறகு, தொட்டியின் அடியில் தங்கிவிட்ட மிச்சத்தைப் பற்றி எந்தக் குடும்பமும் கவலைப்பட்டதில்லை. கவலைப்படவேண்டிய அவசியமும் இல்லை. ஏனெனில் நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமிலவாயுவை மெல்ல மெல்ல ஏற்றுக்கொண்டு, தான் எந்தக் கல்லிலிருந்து பிறந்ததோ அந்தக் கல்லின் ரசாயன நிலைக்கே திரும்பிவிடும் ஸ்வபாவம் உடையது. ஈரமாக இருக்கையில் கண்ணில் தெறித்தால் பார்வையையே பறிக்கக்கூடிய அந்தக் காரப் பொருள், உலர்ந்து முற்றிய பின் தென்னைமரத்தடியில் கிடக்கும் வெறும் சுண்ணக்கட்டி. சுவரில் செங்கோடாக இழுத்த காவியும் மண்ணிலிருந்து எடுத்த இரும்புத் துருதான். மிஞ்சியது மண்ணுக்கே போயிற்று.

இன்று வீடுகளில் மிஞ்சுவது வேறு சரக்கு. பரண்மேலும் மாடிப்படிக்கு அடியிலும் மோட்டார் அறையின் மூலையிலும் அரை டப்பா எமல்ஷன், கால் டப்பா எனாமல், மூடி ஒட்டிப்போன பிரைமர், பாதி தீர்ந்த டர்பென்டைன் பாட்டில் என்று அவை ஆண்டுக்கணக்கில் தங்கியிருக்கின்றன. விற்கப்படும் வீட்டு வர்ணத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு பூசப்படாமலே எஞ்சிவிடுகிறது என்பது அமெரிக்க ஐக்கிய நாடுகளில் செய்யப்பட்ட மதிப்பீடு. அந்த மிச்சத்தை என்ன செய்வது என்ற கேள்விக்கு, நம்மிடையே பெரும்பாலோர் யோசியாமல் கண்டிருக்கும் விடை ஒன்றே: கொல்லைப்புறச் சாக்கடையில் ஊற்றிவிடுவது. அது ஏன் தவறு, சரியானது எது என்பதை அறிய வேண்டுமானால், டப்பாவுக்குள் இருப்பது என்ன என்பதை முதலில் பார்க்கவேண்டும்.

எந்த வர்ணத்திலும் முக்கியமாக மூன்று அம்சங்கள் உண்டு. நிறத்தையும் மறைக்கும் சக்தியையும் தரும் நிறமிப் பொடி ஒன்று. அந்தப் பொடியைச் சுவரோடு பிடித்து வைக்கும் பிசின் இரண்டாவது. இவ்விரண்டையும் இளக்கமாக வைத்திருந்து, பூசியானதும் விடைபெற்றுச் செல்லும் திரவம் மூன்றாவது. இவற்றோடு, நுரை எழாமலும் புழு பூஞ்சை பிடிக்காமலும் இருக்கச் சேர்க்கும் சில்லறைச் சரக்குகள் பல. இன்றைய வெள்ளை வர்ணங்களில் நிறமியாக இருக்கும் டைட்டானியம் டையாக்ஸைடு தன்னளவில் சாதுவான பதார்த்தம். பிசினும் இறுகிவிட்டால் ஒருவகைப் பிளாஸ்டிக் ஏடுதான். அப்படியானால் அபாயம் எங்கிருந்து வருகிறது? பழைய ஈய வர்ணங்களை ஒரு விலக்காக ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், வர்ணத்தின் தீமையெல்லாம் அது திரவமாக இருக்கும் காலத்துக்கே உரியது என்று சொல்லத் துணிவேன். டப்பாவில் கிடக்கும் மிச்சம், நடுவழியில் நிறுத்தப்பட்ட ஒரு ரசாயன காரியம். சுவரில் அது எப்படி இறுகி முடிந்திருக்குமோ, அதே முடிவை அதற்கு வேறோர் இடத்தில் உண்டாக்கித் தருவதே அப்புறப்படுத்தும் கலை முழுவதும். ஆனால் எல்லா வர்ணமும் ஒரே விதமாக இறுகுவதில்லை என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

எமல்ஷன் என்று கடைகளில் விற்கும் வர்ணத்தில் திரவம் பெரும்பாலும் தண்ணீரே. அந்தத் தண்ணீரில் அக்ரிலிக் முதலிய பிசின்கள் கரைந்து நிற்பதில்லை. ஒரு மில்லிமீட்டரில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு குறுக்களவுள்ள அதிசூக்ஷ்மமான உருண்டைகளாக மிதந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வோர் உருண்டையின் மேற்பரப்பிலும் ஒரே வகை மின்னூட்டம் இருப்பதால் அவை ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு, மாதக்கணக்காக டப்பாவில் கிடந்தாலும் கட்டியாகாமல் நிற்கின்றன. சுவரில் பூசியதும் தண்ணீர் ஆவியாகிறது, உருண்டைகள் நெருங்குகின்றன, நெருக்கம் தாங்காமல் நசுங்கி, ஒன்றுள் ஒன்று கலந்து, இடைவெளியற்ற ஏடாகிவிடுகின்றன. அதன்பின் எத்தனை மழை பெய்தாலும் அந்த ஏடு மீண்டும் உருண்டைகளாகப் பிரிவதில்லை. தண்ணீரில் கலந்திருந்த ஒரு பொருள் தண்ணீருக்கே அசையாத பொருளாக மாறிவிடும் இந்த விந்தையைச் சாதிப்பது, நீர் வெளியேறுவது என்ற ஒரே நிகழ்ச்சி.

எனாமல் வர்ணத்தின் கதை வேறு. கதவு, ஜன்னல் கம்பி, இரும்புக் கதவு முதலியவற்றுக்குப் பூசும் இந்த ஆயில் பெயின்ட்டில் பிசின் என்பது ஆளிவிதை எண்ணெயையோ அதுபோன்ற வேறோர் உலரும் எண்ணெயையோ கொண்டு செய்த அல்கைடு. திரவம், மண்ணெண்ணெய்க்கு நெருங்கிய உறவான மினரல் டர்பென்டைன். டர்பென்டைன் ஆவியாகிப் போவது பாதி வேலைதான். மீதி வேலை பிராணவாயுவால் நடக்கிறது: எண்ணெயின் மூலக்கூறுகளில் உள்ள இரட்டைப் பிணைப்புகளைக் காற்றிலுள்ள பிராணவாயு தாக்கி, மூலக்கூறுக்கு மூலக்கூறு குறுக்குப் பாலங்கள் அமைத்து, ஏடு முழுவதையும் ஒரே வலையாகப் பின்னிவிடுகிறது. இதைத் துரிதப்படுத்தவே கோபால்ட் போன்ற உலோகங்களின் உப்புகள் மிகச் சிறு அளவில் சேர்க்கப்படுகின்றன. எண்ணெய் உலரும்போது எடை குறைவதற்குப் பதிலாகக் கூடுகிறது என்று கேட்டால் வியப்பாக இருக்கும். காற்றிலிருந்து பெற்றுக்கொண்ட பிராணவாயுவின் எடைதான் அது. எனாமல் டப்பாவை நெடுநாள் கழித்துத் திறக்கும்போது மேலே தோல்போல் ஓர் ஆடை படர்ந்திருப்பதும், அதைக் கத்தியால் கீறி எடுத்தால் அடியில் வர்ணம் இளகியே இருப்பதும் இதனால்தான்: காற்றுப் பட்ட இடம் இறுகிற்று, படாத இடம் காத்திருக்கிறது.

இனி, சாக்கடையில் ஊற்றிய எமல்ஷனுக்கு என்ன நேர்கிறது என்று பார்ப்போம். சுவரில் அதை இறுகச் செய்த நிகழ்ச்சி நீர் வெளியேறுதல். சாக்கடையிலோ அதற்கு மேலும் மேலும் நீர்தான் சேர்கிறது. உருண்டைகள் நெருங்குவதற்குப் பதில் விலகி, அடியிலும் படியாமல், பால் நிறத்தில் நெடுந்தூரம் பரவுகின்றன. டப்பாவுக்குள் கிருமிகள் வளர்ந்து வர்ணத்தை நாறச் செய்யாதிருக்கக் கம்பெனிக்காரர்கள் சேர்த்த ஐசோதயசோலினோன் வகைக் கிருமிக்கொல்லிகளும் கூடவே போகின்றன. அவை மீன்களுக்கும் நீர்ப்பாசிக்கும் கொடியவை. நம் ஊர்களில் பெரும்பாலான வீடுகளின் கழிவுநீர் செப்டிக் டேங்க்குக்கே போகிறது. அந்தத் தொட்டியில் மலத்தைச் சிதைக்கும் வேலையைச் செய்பவை, பிராணவாயு இன்றி வாழும் பாக்டீரியாக்கள். கிருமியைக் கொல்வதற்கென்றே கலந்த மருந்தை அவற்றின்மேல் கொட்டிவிட்டு, தொட்டி நாறுகிறதே, அடிக்கடி நிரம்புகிறதே என்று வருந்துவதில் பயனில்லை. அதே மனையில் சில கஜ தூரத்தில் குடிதண்ணீர்க் கிணறோ போர்வெல்லோ இருக்கும் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். மழைநீர் வடிகாலில் ஊற்றுவது இன்னும் மோசம். பாதாளச் சாக்கடையாவது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. மழைநீர் வடிகாலோ எந்தச் சுத்திகரிப்பும் இன்றி நேரே கால்வாயிலும் ஏரியிலும் கடலிலும் போய் முடிகிறது.

ஆகவே எமல்ஷனுக்குச் செய்யவேண்டிய உபகாரம், அதன் தண்ணீரை எடுத்துவிடுவது. டப்பாவின் அடியில் ஒரு விரற்கடை அளவே மிச்சமிருந்தால், மூடியைத் திறந்து, மழை படாத காற்றோட்டமான இடத்தில், குழந்தைகளுக்கும் ஆடுமாடுகளுக்கும் எட்டாதபடி வைத்துவிட்டால் போதும்; நம் வெயில் அதைப் பார்த்துக்கொள்ளும். அதிகமாக இருந்தால் ஒரே ஆழத்தில் உலர்த்த முயலக்கூடாது, மேலே ஏடு கட்டிக்கொண்டு உள்ளே ஈரத்தைப் பூட்டிவிடும். அகலமான பழைய அட்டைப்பெட்டியில் பாலிதீன் விரித்து மெல்லிய படலமாக ஊற்றி உலர்த்தலாம். அல்லது உறிஞ்சும் பொருள் ஒன்றைக் கலக்கலாம். மேலைநாட்டார் இதற்குப் பூனை மணலைச் சிபாரிசு செய்கிறார்கள். நமக்கு அது எதற்கு? மரவாடியில் மரத்தூள் கிடைக்கிறது. பொள்ளாச்சிப் பக்கம் மலைமலையாய்க் குவிந்திருக்கும் தென்னை நார்க்கழிவு தன் எடையைப்போல் பல மடங்கு நீரை உறிஞ்சக்கூடியது. வீட்டு வேலையில் மிஞ்சிய சிமென்ட்டும் மணலும் இருந்தால், சிமென்ட் தான் இறுகுவதற்காகவே நீரை எடுத்துக்கொள்ளும். கஞ்சிபோல் இருப்பது பிசைந்த மாவுபோல் ஆகும்வரை சேர்த்து, ஓரிரு நாள் திறந்து வைத்தால், சாய்த்தாலும் வழியாத கெட்டியாகிவிடும். அதன் பிறகு அது குப்பை. அதற்கு முன் அது கழிவுநீர்.

பிரஷையும் ரோலரையும் கழுவிய நீருக்கு இந்த முறை ஒவ்வாது; ஒரு வாளித் தண்ணீரை மரத்தூளால் எப்படி உலர்த்துவது? இங்கே நம் பாட்டிமார் கையாண்ட உபாயம் ஒன்று துணைக்கு வருகிறது. கலங்கிய ஆற்றுநீரை மண்பானையில் ஊற்றி, தேற்றாங்கொட்டையை உட்புறம் இழைத்தோ படிகாரத்தைச் சுழற்றியோ தெளியவைப்பார்கள் அல்லவா? அதே தத்துவந்தான். வர்ண உருண்டைகளை ஒன்றுசேராமல் விலக்கி வைத்திருப்பது எதிர் மின்னூட்டம். படிகாரத்திலுள்ள அலுமினிய அயனிகள் நேர் மின்னூட்டம் உடையவை. பொடித்த படிகாரத்தைக் கழுவுநீரில் கலக்கிச் சிறிது நேரம் அசையாமல் வைத்தால், விலக்கும் சக்தி அழிந்து உருண்டைகள் திரிந்து, செதில் செதிலாகச் சேர்ந்து பிரிகின்றன. பெயின்ட் தொழிற்சாலைகள் தங்கள் கழிவுநீரைத் தெளியவைப்பதும் இவ்வகை உப்புகளாலேயே. பழந்துணியில் வடிகட்டி, துணியில் தங்கிய மண்டியை உலர்த்திக் குப்பையில் சேர்த்துவிட்டு, தெளிந்த நீரைப் பாதாளச் சாக்கடை இணைப்பில் விடலாம். கழுவுவதற்கு முன்பே பிரஷைப் பழைய செய்தித்தாளில் பலமுறை இழுத்துத் துடைத்துவிட்டால் பாதி வர்ணம் காகிதத்திலேயே தங்கிவிடும். இது பெயின்டர்களுக்கு யாரும் சொல்லித்தராத, ஆனால் அவர்கள் கட்டாயம் கற்கவேண்டிய ஒன்று.

எனாமல் விஷயத்தில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். திறந்து வைத்து உலர்த்தும் முறையை இதற்கு அப்படியே கையாள்வது பிசகு. டப்பாவிலிருந்து எழும் டர்பென்டைன் ஆவி தலைவலியும் மயக்கமும் தருவது. சுமார் 30 முதல் 40 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்திலேயே தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் அளவுக்குக் காற்றில் திரண்டுவிடுவது. வேலூரில் சித்திரை வைகாசி மாதங்களில் நிழலிலேயே அந்த உஷ்ணம் உண்டு. மரவேலைக்குப் பயன்படும் என்.சி. தின்னருக்கோ சாதாரண உஷ்ணமே போதும். டப்பாவின் ஓரங்களில் ஒட்டியிருக்கும் சிறு மிச்சத்தை வேண்டாத பலகையிலோ அட்டையிலோ தடவி, அடுப்பிலிருந்து விலகிய திறந்த வெளியில் உலரவிடுவது சரியே. அதற்கு மேற்பட்டதை மூடியை இறுக்கி வைத்துக்கொண்டு, பயன்படுத்துபவர் கையில் சேர்ப்பதுதான் வழி. பிரஷ் கழுவிய டர்பென்டைனைக் கொட்டவேண்டிய தேவையே இல்லை. கண்ணாடிப் பாட்டிலில் மூடி வைத்தால் சில நாட்களில் நிறமி அடியில் படிந்துவிடும். மேலே தெளிந்ததை இறுத்து மறுமுறை பயன்படுத்தலாம், பலமுறை பயன்படுத்தலாம்.

எண்ணெய் துடைத்த துணிகளைப் பற்றித் தனியே சொல்லவேண்டும், ஏனெனில் அவை உயிர்களைப் பறித்திருக்கின்றன. எண்ணெய் பிராணவாயுவோடு சேரும்போது உஷ்ணம் பிறக்கிறது. கதவில் மெல்லிய பூச்சாக இருக்கையில் அந்த உஷ்ணம் காற்றோடு கலந்து தணிந்துவிடும். எண்ணெயில் தோய்ந்த துணிகளைச் சுருட்டி மூலையில் எறிந்தாலோ, நூலிழைகளின் பரப்பு முழுவதிலும் காற்றுப் பட்டு உஷ்ணம் பிறந்துகொண்டேயிருக்க, குவியலின் நடுவிலிருந்து அது வெளியேற வழியில்லாமல், உஷ்ணம் ஏறஏற ரசாயன வேகமும் ஏறி, சில மணி நேரத்தில் யாரும் கொளுத்தாமலே தீ எழுகிறது. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடத்தில், மரப் பலகைகளுக்கு மெருகேற்றிய தொழிலாளர்கள் ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளை 22ஆம் மாடியில் விட்டுச் சென்றார்கள். 1991 பிப்ரவரி 23ஆம் தேதி இரவு அங்கிருந்து எழுந்த தீ மாடி மாடியாக ஏறி, தானாக நீர் பொழியும் குழாய்கள் அமைந்திருந்த 30ஆம் மாடியை எட்டிய பிறகே அடங்கிற்று; தீயணைப்பு வீரர்கள் மூவர் மாண்டார்கள். பழுதுபார்க்க இயலாத அந்தக் கட்டடம் 1999இல் இடித்து அகற்றப்பட்டது. வார்னிஷ் வேலை முடிந்த மாலையில் துணிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வெளியே கொடியில் உலர்த்தினாலோ, தண்ணீர் நிரம்பிய இரும்பு டப்பாவில் அமிழ்த்தி வைத்தாலோ இந்தத் தீ பிறக்கவே பிறக்காது.

முன்பு விலக்காக ஒதுக்கி வைத்த ஈயத்துக்கு வருவோம். ஈயம் கலந்த வர்ணத்துக்கு நான் கூறிய விதி பொருந்தாது. அது இறுகிய பின்னும் விஷமே. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ஜே. லாக்ஹார்ட் கிப்சன் என்ற கண் மருத்துவர், காரணம் புரியாத ஈய நஞ்சால் துன்புற்ற குழந்தைகளை ஆராய்ந்து, வெயிலில் பொடிந்த தாழ்வாரக் கம்பிகளின் வர்ணம் அவர்கள் விரல்களில் ஒட்டி வாய்க்குள் செல்கிறது என்று 1904இல் எடுத்துச் சொன்னார். அங்கே குயின்ஸ்லாந்து அரசு 1922இல் சட்டம் செய்தது. இந்தியாவில் வீட்டு வர்ணத்தில் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருத்தலாகாது என்ற விதி 2016இல் பிறந்து, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட மஞ்சள், சிவப்பு, பச்சை எனாமல் டப்பா எதுவும் பரணில் இருந்தால், அது ஈயம் உடையது என்றே கருதி நடந்துகொள்வது விவேகம். பழைய ஜன்னல் வர்ணத்தை உப்புத்தாள் கொண்டு உலர்வாகத் தேய்க்காமல், நீர் தெளித்துத் தேய்த்து, அந்தச் சேற்றையும் தனியே சேர்த்துக் கட்டவேண்டும்.

இந்த மிச்சம் நம் ஊரில் போய்ச் சேரும் மூன்று இடங்கள் என்னை மிகவும் வருத்துகின்றன. மாட்டுப் பொங்கலன்று கொம்புக்குப் பூசுவதற்காகப் பரணிலிருந்து எனாமல் டப்பாவை இறக்குகிறார்கள். மாடுகள் ஒன்றையொன்று நக்கும் பிராணிகள் என்பதை மறந்துவிடுகிறார்கள். காவியும் மஞ்சளும் இருக்கையில் இது எதற்கு? காலி மனைகளில் எறிந்த வர்ண டப்பாக்களை நக்கி ஈய நஞ்சுக்கு இரையாகும் மாடுகளைப் பற்றிக் கால்நடை மருத்துவ நூல்கள் எச்சரிக்கின்றன. மூன்றாவது, போகித் தீ. டப்பாவும் பிரஷும் வர்ணத் துணியும் அதில் எரிந்தால், ஈயமும் கரும்புகையும் தெருக் குழந்தைகளின் மூச்சில் கலக்கும். டயரையும் பிளாஸ்டிக்கையும் எரிக்காதீர்கள் என்று தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாடு வாரியம் ஆண்டுதோறும் வேண்டிக்கொள்வதில் பெயின்ட் டப்பாவையும் நாமாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மிச்சமே விழாதபடி வாங்குவது எல்லாவற்றிலும் மேலானது. நல்ல எமல்ஷன் ஒரு லிட்டர், இரண்டு பூச்சுக்குச் சுமார் 60 முதல் 80 சதுர அடி காணும். பத்தடிக்குப் பத்தடி அறையில், பத்தடி உயரச் சுவர்கள் நான்கும் 400 சதுர அடி. கதவு ஜன்னலுக்கு 50 கழித்தால் 350. ஐந்து லிட்டர் போதும். நான்கு லிட்டர் டப்பா ஒன்றும் ஒரு லிட்டர் டப்பா ஒன்றும் வாங்கலாம். மலிவாக இருக்கிறதென்று பத்து லிட்டர் வாளியை எடுப்பவர், பாதியைப் பரணுக்காக வாங்குகிறார். கடையில் இயந்திரத்தில் நிறம் கலந்த டப்பாவைக் கடைக்காரர் திரும்ப எடுப்பதில்லை என்பதையும் கவனிக்கவேண்டும். அப்படியும் மிஞ்சிய நல்ல வர்ணத்தைச் சுற்றுச்சுவருக்கோ, அக்கம்பக்கத்துப் பள்ளிக்கோ கொடுத்துவிடலாம். நாறாமலும், கலக்கினால் தயிர்க்கட்டிபோல் திரியாமலும் இருந்தால் அது நல்ல வர்ணமே. காலியான இருபது லிட்டர் வாளிகளைக் குளியலறைக்கும் செடி வைப்பதற்கும் எடுத்துக்கொள்வதில் குற்றமில்லை. அரிசிக்கும் குடிநீருக்கும் விருந்துச் சாப்பாட்டுக்கும் மட்டும் ஆகாது.

சட்டம் இவ்விஷயத்தில் மௌனமாக இருக்கவில்லை. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், எறியப்பட்ட பெயின்ட் டப்பாக்களை வீட்டு அபாயக் கழிவு என்று வகுத்து, நகரங்களில் இருபது சதுர கிலோமீட்டருக்கு ஒன்றாக அவற்றைப் பெற்றுக்கொள்ளும் மையம் அமைக்கவேண்டும் என்றன. அவ்வாறு சேர்ந்த கழிவைச் சிமென்ட் சூளையில் எரிக்க முடியும். ஏறக்குறைய 1450 டிகிரியில் கல்லே உருகும் நிலையை எட்டும் அந்தச் சூளையில் பிசினும் கரைப்பானும் எரிபொருளாகின்றன, உலோகங்களில் பெரும்பகுதி கிளிங்கர் என்ற சிமென்ட் கட்டியில் கட்டுண்டுவிடுகிறது. குறை எங்கே என்றால், வீட்டு டப்பாவுக்கும் அந்தச் சூளைக்கும் இடையே உள்ள தூரத்தில். அமெரிக்காவின் ஆரெகன் மாநிலம் 2009இல் சட்டம் செய்து, 2010 முதல் வர்ண உற்பத்தியாளர்களே மிச்சத்தைத் திரும்பப் பெற ஏற்பாடு செய்தது: டப்பா ஒன்றுக்குச் சிறு கட்டணம் விற்பனையின்போதே வசூலாகிறது, பெயின்ட் கடைகளிலேயே மிச்சம் பெறப்படுகிறது, நல்லது மீண்டும் வர்ணமாகிறது, ஆகாதது முறைப்படி அழிக்கப்படுகிறது. பெயின்ட் கடை இல்லாத கடைத்தெரு தமிழ்நாட்டில் அரிது. நிறம் கலக்கும் இயந்திரம் வைத்துள்ள அத்தகைய கடை ஒவ்வொன்றும், வாசலில் ஓர் இரும்புப் பீப்பாயை வைத்து எனாமல் மிச்சத்தை வாங்கிக்கொள்ளவும், சரக்கு இறக்க வரும் கம்பெனி லாரி அதைத் திரும்ப ஏற்றிச் செல்லவும் ஏன் ஏற்பாடு செய்யக்கூடாது? அந்த ஏற்பாடு வரும்வரை, எமல்ஷன் டப்பாவை உலர்த்தி, மூடியை நீக்கியே தூய்மைப் பணியாளரிடம் கொடுக்கவேண்டும். மூடிய டப்பாவுக்குள் திரவம் இருந்தால் அது குப்பை லாரியின் அழுத்தத்தில் வெடித்து அவர் முகத்தில் தெறிக்கும். எனாமல் டப்பாவை இறுக மூடி, உள்ளே இருப்பது இன்னதென்று மேலே எழுதி, மற்றக் குப்பையோடு கலக்காமல் தனியே அவர் கையில் சேர்க்கவேண்டும்.